ஏழாம் முட்டை

மார்ச் மாதம் வால்டிவியாவில் வந்திறங்கியபோது
என்னிடம் இருந்தவை
இரண்டு போர்வை, ஒரு மழைக்கோட்டு,
எது சரி எது தவறு என்பதில்
துளியும் குழப்பமில்லாத ஒரு தலை.

அப்பா கொய்ஹைக்கே காவல் நிலையத்தில் சார்ஜண்ட்.
எங்கள் வீட்டில்
கள்ளன் என்ற சொல்லுக்கு அடைமொழி கிடையாது.
சின்னக் கள்ளன், பசித்த கள்ளன், முதல்முறைக் கள்ளன்
எல்லாம் வக்கீல்கள் கண்டுபிடித்தது என்பார்.

ஆற்றைப் பார்த்த வாடகை வீடு.
ஐந்து பேருக்கு ஒரே ஃப்ரிட்ஜ்.
முதல் வாரமே பன்னிரண்டு முட்டை வாங்கி
பென்சிலால் எண் போட்டேன்,
ஒன்றுகூடக் கோணாமல்.
"பெயரும் வைப்பாயா?" என்றாள் ரயேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று
உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் பள்ளம்.
ஏழை எடுத்தது யார்?
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன்,
அப்பா கேட்பதைப் போலவே.
"நான்தான்" என்றாள் யாஸ்னா, உடனே, கண்ணை விலக்காமல்.
விடியுமுன் மீன் சந்தையில் தரை கழுவப் போகிறவள்.
கடல்சிங்கங்கள் மிச்சம் வைத்ததையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு
எட்டு மணி வகுப்புக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாள்.
நான் ஜன்னலைத் திறப்பேன்.

மறுநாள் அந்தப் பள்ளத்தில் ஒரு முட்டை இருந்தது.
அதில் அவள் கையால் 7.
என்னுடைய ஏழைவிட அழகான ஏழு.
அவித்துத் தின்றேன்.
நியாயத்துக்கு ஒரு ருசி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
உப்பு போட மறந்துவிட்டது.

பிறகு மழை. மே, ஜூன், மழை.
ஜூலையில் வேதியியலில் ஏழுக்கு இரண்டு புள்ளி எட்டு.
உழைத்தவர் தோற்பதில்லை என்பதும்
அப்பாவின் வாக்கியங்களில் ஒன்று.
நான் உழைத்திருந்தேன். தோற்றிருந்தேன்.
இரண்டில் எது பொய் என்று
இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

மூன்றாம் இரவு, மணி மூன்று.
எலிசேயோவின் பாலாடைக்கட்டி,
அவன் அம்மா பேருந்தில் கொடுத்தனுப்பியது.
ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே கடித்தேன்,
கத்தியைத் தேடவில்லை.
பல் பதிந்த இடம் தெரியாமலிருக்க
அந்த இடத்தையும் தின்றேன்.
அதில் பதிந்த இடத்தையும்.

காலையில் அவன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான்.
மறுபடி மடித்து வைத்தான்.
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
நான் சொல்லப் பதினொரு நாள் ஆயிற்று.
"தெரியும்" என்றான்,
"அடுத்த தடவை ரொட்டியோடு தின்னு."

செப்டம்பர் விடுமுறைக்குப் பேருந்துக் காசு இல்லை.
தொலைபேசியில் அப்பா கதை சொன்னார்:
விறகுக் கொட்டகையில் ஒரு பையன் சிக்கினான்,
சட்டைக்குள் ஐந்து கட்டை,
கர்ப்பிணி மாதிரி நடந்து வந்தான் என்று.
இந்த இடத்தில் நான் சிரிக்கவேண்டும்.
"அன்றைக்கு எத்தனை டிகிரி அப்பா?"
"என்ன?"
"குளிர். எத்தனை இருந்தது?"
தொலைபேசி கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது.
"மைனஸ் ஒன்பது" என்றார்.
தேடாமல் சொன்னார். நினைவில் வைத்திருந்தார்.
பிறகு, வேறு ஒரு குரலில்,
"நீ சாப்பிட்டாயா?"

இது டிசம்பர்.
நான் நல்லவளாகிவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை.
முட்டைகளை இப்போதும் எண்ணுகிறேன்,
எழுதுவதில்லை, அவ்வளவுதான்.
வேதியியலை மறுபடி எழுதி நான்கு வாங்கினேன்,
அது தேர்ச்சி, அதற்குமேல் ஒன்றுமில்லை.
யாஸ்னாவிடம் ஜன்னலைப் பற்றி
இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன வாரம் நூலகத்து வாசலில்
என் குடையை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.
கள்ளன், கள்ளன் என்று திட்டிக்கொண்டே
கொட்டுகிற மழையில் பாலம் ஏறினேன்.
நடுப்பாலத்தில், நான் சேர்க்காமலே,
ஓர் அடைமொழி வந்து ஒட்டிக்கொண்டது:
நனையாமல் போகிற கள்ளன்.